அரசு மருத்துவமனையில் பாகுபாடும் அணுகல் தடைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் போய்வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. மாற்றுத்திறனாளிகளும் அவர்களை அழைத்துப் போகிறவர்களும் கேட்பவை அதிகம். எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்கள், திருநர்கள், மனநல சிகிச்சையில் இருப்பவர்கள், வெளிமாநிலத் தொழிலாளர்கள் கேட்பவையும் உண்டு. 'உனக்கு வைத்தியம் பார்க்க மாட்டோம்' என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்புவதைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. படி ஏற முடியாமல், பெயரைக் கூப்பிட்டது காதில் விழாமல், 'கூட யாரு வந்திருக்கா?' என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் திரும்பிப் போகிறவருக்கும் மறுக்கப்பட்டது வைத்தியம்தான்.

வாசலில் ஆறு படி. வீல்சேர் ஏற வழியில்லை. இது வசதிக் குறைவா, பாகுபாடா?

பாகுபாடு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. இப்போது 21 வகைகள்; ஆட்டிசம், தலசீமியா, ஹீமோபிலியா, பார்க்கின்சன், அமில வீச்சுக்கு ஆளானவர்களின் பாதிப்பு எல்லாம் பட்டியலுக்குள் வந்துவிட்டன. ஒருவருக்குத் தேவைப்படும் நியாயமான மாற்று ஏற்பாட்டைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடே என்று இந்தச் சட்டம் தன் விளக்கப் பகுதியிலேயே எழுதி வைத்திருக்கிறது. 'யாரையும் நாங்கள் தடுக்கவில்லையே, படி அப்படித்தான் கட்டியிருக்கிறது' என்ற பதில் அதனால் எடுபடாது.

மருத்துவமனைகளைப் பற்றிப் பேசுவது 25-ஆம் பிரிவு. அரசு, தனியார் இரண்டிலும் மருத்துவமனையின் எல்லாப் பகுதிகளும் தடையின்றிப் போய்வரும்படி இருக்க வேண்டும் என்கிறது. எல்லாப் பகுதிகளும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசலில் சாய்தளம் போட்டுவிட்டு எக்ஸ்ரே அறையை லிஃப்ட் இல்லாத மாடியில் வைத்தால் சட்டத்தை நிறைவேற்றியதாக ஆகாது. கழிப்பறையும் அப்படியே.

சாய்தளம் இருக்கிறதே என்று காட்டினால் அதன் சரிவைப் பாருங்கள். மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் கேட்பது 1:12. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இரண்டடி உயர வாசலுக்கு 24 அடி சாய்தளம் வேண்டும். அதை எட்டடியில் முடித்துவிட்டால் தனியாக வீல்சேரில் வருபவர் ஏறவே முடியாது, இறங்கும்போது முன்னால் சரிந்து விழுவார். இரு பக்கமும் கைப்பிடி வேண்டும். சாய்தளத்தின் அடியில் பைக் நிறுத்தியிருந்தால் சாய்தளம் இல்லாததற்குச் சமம்.

பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தது. இந்தச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளில் அணுகல் தரங்களைச் சொல்லும் 15-ஆம் விதி, கட்டாயமாக இருக்க வேண்டியவற்றைப் பரிந்துரைகளாக ஆக்கிவிட்டது, அது மூலச் சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாயத் தரங்களை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்தது. மனு எழுதும்போது இந்தத் தீர்ப்பை ஒரு வரி குறிப்பிடுங்கள். பொதுப்பணித் துறையிடம் பேசும்போதும் கைகொடுக்கும்.

ஓ.பி. வரிசையில் முன்னால் விடச் சொல்லலாமா? மற்றவர்கள் சத்தம் போடுகிறார்களே?

சொல்லலாம். பரிசோதனையிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை தர வேண்டும் என்று அதே 25-ஆம் பிரிவு சொல்கிறது. சீட்டு போடும் இடத்திலேயே கேளுங்கள். டாக்டர் அறை வாசலுக்குப் போனபின் கேட்டால் வரிசையில் நிற்பவர்களோடு சண்டைதான் வரும். அவர்களும் காலையிலிருந்து பசியோடு நிற்கிறவர்கள். முன்னுரிமையை அறிவித்து நடத்த வேண்டியது மருத்துவமனை நிர்வாகம். நோயாளிகள் ஒருவரோடொருவர் மோதித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது எனக்குச் சகிக்க முடியாத ஒன்று.

அடையாள அட்டை இன்னும் வரவில்லை. கேட்க உரிமை உண்டா?

உதவித்தொகை, பேருந்துச் சலுகை போன்றவற்றுக்கு அட்டை தேவை. சாய்தளத்தில் ஏறவும் வீல்சேர் கேட்கவும் எந்த அட்டையும் தேவையில்லை. கால் முறிந்தவர், நிறைமாதக் கர்ப்பிணி, எண்பது வயது முதியவர் எல்லாருக்கும் அது பொது.

அவசர சிகிச்சைக்கு எந்தத் தாளும் முன்நிபந்தனை ஆகாது. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இலும், மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கில் 1996-இலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. இரண்டாவது வழக்கு ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியைப் பற்றியது. அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக 'படுக்கை இல்லை', 'வசதி இல்லை' என்று அவரைத் திருப்பி அனுப்பின. அது அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பு தரும் உயிர்வாழும் உரிமையை மீறியது என்று நீதிமன்றம் சொன்னது.

வீல்சேர் தள்ள நூறு ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். அது இலவச சேவை. நடக்க முடியாதவரிடம் மட்டும் வசூலாகும் பணம் என்பதால் இதைப் பாகுபாட்டில் வைத்தே நான் பார்க்கிறேன். நாள், நேரம், வார்டு குறித்து நிலைய மருத்துவ அலுவலரிடம், அதாவது ஆர்.எம்.ஓ.விடம், எழுத்தில் கொடுங்கள்.

எனக்குக் காது கேட்காது. டாக்டர் என்னோடு வந்தவரிடமே பேசுகிறார். என் நோய் எனக்குத் தெரிவதில்லை.

இந்தத் தடையைப் படம் பிடித்துக் காட்ட முடியாது. அதனாலேயே யாரும் கண்டுகொள்வதில்லை. டோக்கன் எண்ணை வாயால் கூப்பிடுகிறார்கள். கேளாதவர் தன் முறை போனது தெரியாமல் மதியம் வரை உட்கார்ந்திருக்கிறார். உள்ளே போனால் முகக்கவசம் உதட்டை மறைக்கிறது. டாக்டர் ஐந்து நிமிடம் பேசியதை அண்ணனோ மாமியாரோ 'ஒண்ணுமில்ல, மாத்திரை போடச் சொல்றாங்க' என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார். மாதவிடாய், கரு, மனச்சோர்வு, வீட்டில் அடி உதை போன்றவற்றை மாமியார் வழியாக எந்தப் பெண் சொல்வார்?

சைகை மொழிபெயர்ப்பாளர் கேட்பது நியாயமான மாற்று ஏற்பாட்டுக்குள் வரும். முன்கூட்டியே திட்டமிட்ட அறுவை சிகிச்சை அல்லது பிரசவம் என்றால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் மருத்துவமனையிடமும் ஒரே நேரத்தில் மனு கொடுங்கள். அன்றைக்கே பார்க்க வேண்டிய நிலையென்றால் தெரிந்த மொழிபெயர்ப்பாளரைக் கைப்பேசி வீடியோ அழைப்பில் வைக்க அனுமதி கேளுங்கள். வார்டுக்குள் போன் கூடாது என்பார்கள். உங்கள் போன் உங்களுக்குக் காது என்று எழுதிக் காட்டுங்கள்.

எழுதிக் காட்டினால் போதாதா என்று டாக்டர்கள் கேட்பதுண்டு. பிறவியிலிருந்தே கேளாத பலருக்குச் சைகைதான் தாய்மொழி, தமிழ் இரண்டாவது மொழி. 'உணவுக்கு முன் அரை மாத்திரை, மூன்று நாள் விட்டு முழு மாத்திரை' என்ற வாக்கியம் அவர்களில் சிலருக்குப் புரியாமல் போகலாம். படம் வரைந்து, விரலால் எண்ணிக் காட்டி, அவரையே திருப்பிச் செய்து காட்டச் சொல்வதுதான் சரி.

பார்வையில்லாதவர் அறுவை சிகிச்சைப் படிவத்தில் எப்படிச் சம்மதம் தருவது?

முழுப் படிவத்தையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவரிடம் பார்வை இல்லை என்பதற்காகக் கைநாட்டு வாங்கத் தேவையில்லை. மருந்து கொடுக்கும் இடத்தில் ஒவ்வொரு அட்டையையும் உங்கள் கையில் வைத்துப் பெயரும் வேளையும் சொல்லச் சொல்லுங்கள். காலை மருந்துக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவு மருந்துக்கு இரண்டு என்று மருந்தாளுநரையே சுற்றித் தரச் சொல்லலாம்; ஒரு நிமிட வேலை.

கைப்பேசிச் செயலியில்தான் முன்பதிவு, கண் சிமிட்டிக் காட்டினால்தான் ஆதார் சரிபார்ப்பு என்பதும் தடைதான். அமில வீச்சுக்கு ஆளான பிரக்யா பிரசூன் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

'அட்டெண்டர் இல்லாமல் அட்மிட் பண்ண முடியாது' என்கிறார்கள். எனக்கு யாருமில்லை.

பெரிய ஆஸ்பத்திரிகளில் ரத்தப் பரிசோதனைக்கு ஓடவும், ஸ்கேன் சீட்டு வாங்கவும், சாப்பாடு வாங்கி வரவும் ஒரு ஆள் வேண்டும் என்ற நிலை வழக்கமாகிவிட்டது. ஊழியர் பற்றாக்குறையை நோயாளியின் குடும்பம் நிரப்புகிறது. குடும்பம் ஒதுக்கிவைத்த திருநங்கை, தனியாக வாழும் முதியவர், தெருவோரம் தங்குபவர், ஒடிசாவிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி எல்லாரையும் இந்த ஒரு வழக்கம் வடிகட்டி வெளியே தள்ளிவிடுகிறது. யாரும் தீய எண்ணத்தோடு செய்வதில்லை, விளைவு அதே.

துணைக்கு ஆள் இல்லை என்பது அட்மிஷனை மறுக்கக் காரணம் ஆகாது. அப்படிச் சொன்னால், மறுப்பை ஓ.பி. சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தரத் தயங்குவார்கள். அதற்குள் பெரும்பாலும் வழி பிறக்கும். மருத்துவ சமூகப் பணியாளர் இருந்தால் அவரைப் பார்க்கக் கேளுங்கள். மாறாக, மனவளர்ச்சி குன்றிய ஒருவருக்கோ கடும் உடல் குறைபாடு உள்ளவருக்கோ துணையாள் தேவை என்றால், 'பெண்கள் வார்டில் ஆண் இருக்கக் கூடாது' போன்ற விதிகளைத் தளர்த்தித் தரக் கேட்பதும் உங்கள் உரிமை. மகளை ஒற்றையாளாய் வளர்த்த அப்பாவுக்கு வேறு வழி என்ன இருக்கிறது?

மாற்றுத்திறனாளிப் பெண்களுக்குத் தனியாக என்ன பாதுகாப்பு?

பரிசோதனை மேசை இடுப்பு உயரத்தில் இருக்கும். போலியோ பாதித்த காலுடன் அதில் ஏற முடியாது. 'சரி, மேலோட்டமாப் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுவார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அப்படித்தான் பலருக்குத் தவறிப்போகிறது. உயரம் குறைக்கும் மேசை இல்லையென்றால் இரு பெண் ஊழியர்களின் உதவியைக் கேளுங்கள். தூக்கும் முன் எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று உங்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு தெளிவானது: மாற்றுத்திறனாளி ஒருவருக்கு, அவர் விரும்பி, அறிந்து தரும் சம்மதம் இல்லாமல் கருத்தரிக்க இயலாமல் செய்யும் எந்தச் சிகிச்சையும் கூடாது. பெண்ணின் வெளிப்படையான சம்மதமின்றிக் கருவைக் கலைப்பது 92-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். கடுமையான குறைபாட்டில், மருத்துவர் கருத்தும் காப்பாளர் சம்மதமும் இருந்தால் மட்டும் விலக்கு.

எல்லாப் பெண்களும் கேட்கும் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சட்டப்படியான கருக்கலைப்புக்குக் கணவரின் கையெழுத்து தேவையில்லை. 18 வயது நிரம்பிய, மனநோய் இல்லாத பெண்ணுக்கு அவர் சம்மதம் ஒன்றே போதும். 20 முதல் 24 வாரத்துக்குள்ளான கருவில் திருமணமானவர், ஆகாதவர் என்று பிரிக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் அதைச் செய்தார்கள். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்து இலவசமாக 2004 ஏப்ரலில் தொடங்கியபோது தாம்பரம் சானடோரியம் முதல் மையங்களில் ஒன்று. இத்தனை அனுபவம் உள்ள மாநிலத்தில் 'கடைசி கேஸா வச்சுக்கலாம்', 'வேற ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்று சொல்வதற்கு அறிவியல் காரணம் எதுவும் கிடையாது. கையுறை, கருவிச் சுத்திகரிப்பு போன்றவை எல்லா நோயாளிக்கும் பொதுவான முன்னெச்சரிக்கைகள். ஊசி குத்திவிட்டால் ஊழியருக்கு 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய தடுப்பு மருந்தும் இருக்கிறது.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் மருத்துவ சேவையை மறுப்பதைத் தடை செய்கிறது. உங்கள் சம்மதமும் ஆலோசனையும் இல்லாமல் பரிசோதனை கூடாது. கட்டில் தலைமாட்டில் சிவப்பு மையில் எழுதி ஒட்டுவதும், வார்டே கேட்கும்படி நர்ஸ் சொல்வதும் சட்டமீறல். ஒவ்வொரு மாநிலமும் குறைதீர்ப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். மருத்துவ அவசரம் என்றால் அவர் முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் உத்தரவிட வேண்டும். முதலில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்து ஆலோசகரிடம் பேசுங்கள். தேசிய உதவி எண் 1097.

திருநர்களை எந்த வார்டில் சேர்ப்பார்கள்?

திருநங்கையை ஆண்கள் வார்டில் போடுவது அவமானம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. அவர் எந்தப் பாலினமாக வாழ்கிறாரோ அந்த வார்டு, அல்லது தனி அறை வேண்டும் என்று கேளுங்கள். 2020 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள திருநர் சட்டம் மருத்துவ சேவையை மறுப்பதையும் அதில் முறையின்றி நடத்துவதையும் தடுக்கிறது. காய்ச்சலுக்குப் போனவரிடம் அறுவை சிகிச்சை வரலாற்றைத் தோண்டிக் கேட்பதும், மாணவர்களைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டுவதும் முறையின்றி நடத்துவதுதான்.

இருபால் உடல்கூறுடன் பிறக்கும் குழந்தைகளுக்கு, உயிராபத்து இல்லாதபோது பாலினம் 'திருத்தும்' அறுவை கூடாது என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அதே ஆண்டு தமிழக அரசும் தடை ஆணை பிறப்பித்தது. பெற்றோரை அவசரப்படுத்தினால் இதை நினைவூட்டுங்கள்.

மனநோய் உள்ளவரை ஏற்ற ஆம்புலன்ஸ் மறுக்கலாமா?

கூடாது. உடல் நோயாளிக்குக் கிடைக்கும் அதே முறையில், அதே தரத்தில் ஆம்புலன்ஸ் கிடைக்க வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 21-ஆம் பிரிவு சொல்கிறது. சங்கிலியால் கட்டுவதை 95-ஆம் பிரிவு அறவே தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் போனது. 28 பேர் இறந்தார்கள். பேசத் துணை வேண்டுமென்றால் மனநல உதவி எண் 14416, எந்நேரமும்.

சாதி பார்த்து நடத்துகிறார்கள். நிரூபிப்பது எப்படி?

ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவமனையிலோ பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் நுழையவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் பெயர் சொல்லியே குற்றமாக்கப்பட்டிருக்கிறது. தொடாமல் பார்ப்பது, மாத்திரையைத் தூக்கிப் போடுவது, வீட்டுக்கு வர வேண்டிய செவிலியர் குடியிருப்புக்குள் வராமல் சாலையிலேயே நின்று கூப்பிடுவது எல்லாம் நிரூபிக்கக் கடினமானவை. ஒருவர் புகாரைவிட, அந்தக் குடியிருப்பின் பல பெண்கள் நாள், தடுப்பூசி விவரத்தோடு சேர்ந்து கொடுக்கும் மனு வலுவானது.

தமிழ் தெரியாத தொழிலாளிகள், முகாமில் வாழ்பவர்கள்?

21-ஆம் உறுப்பு குடிமக்களுக்கு மட்டுமல்ல, எல்லா மனிதருக்கும். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழ்பவர்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இடமுண்டு. மொழி தெரியாதவருக்கு மேஸ்திரி மொழிபெயர்த்தால், வேலையிடத்தில் பட்ட காயம் 'தானே விழுந்தான்' என்று மாறிவிடும் ஆபத்து உண்டு. உடன் வேலை செய்யும் வேறு ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவை எப்படி அழைத்துப் போவது?

அழைத்துப் போகத் தேவையில்லாத சிகிச்சைகள் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும், பிசியோதெரபியையும், வலி தணிக்கும் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதியுங்கள். அணுகல் என்றதும் சாய்தளத்தை மட்டுமே நினைக்கிற நமக்கு, மருத்துவமே படியிறங்கி வரலாம் என்று காட்டிய திட்டம் இது. ஆனால் ஸ்கேனுக்கும் பல் வலிக்கும் அம்மா இன்னும் கட்டடத்துக்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

யாரிடம் புகார் செய்வது?

முதலில் அது யாருடைய ஆஸ்பத்திரி என்று தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் ஆர்.எம்.ஓ., அவருக்கு மேல் டீன். மாவட்டத் தலைமை மருத்துவமனை, தாலுகா மருத்துவமனை என்றால் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்ட சுகாதார அலுவலர். தவறான மேசைக்குப் போன மனு அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று மாதக்கணக்கில் அலையும்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் நகலைக் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் உதவி எண் 1100. மாற்றுத்திறனாளிகள் மாநில ஆணையருக்கு எழுதலாம். சாட்சிகளை அழைப்பதில் அவருக்கு உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் உண்டு. அவர் தருவது பரிந்துரைதான், ஆனால் துறை மூன்று மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இந்த இடத்தில் சட்டத்துக்குப் பல் போதாது என்பது என் கருத்து. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு விதிக்கும் அபராதம் முதல் முறை 10,000 ரூபாய் வரைதான்.

வழக்காடப் பணமில்லையா? பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வருமானம் எதுவானாலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் பெறலாம். எண் 15100. முற்றிலும் இலவச சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை மீது நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது. 1995-இலேயே உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்த்துவிட்டது. அந்த வழியில் காலத்தை வீணாக்க வேண்டாம்.

இதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். இப்போது ஓ.பி. வாசலில் நிற்கிறேன், உள்ளே விடவில்லை. என்ன செய்ய?

ஓ.பி. சீட்டை முதலில் போட்டுவிடுங்கள். நீங்கள் வந்ததற்கு அதுதான் சாட்சி. ஆர்.எம்.ஓ. அறை எங்கே என்று கேளுங்கள். உங்களால் போக முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் சீட்டைக் கொடுத்து அனுப்புங்கள். உங்களுக்கு வேண்டியதை ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள்: 'எனக்குப் படி ஏற முடியாது, டாக்டர் கீழே வந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.' குறையைச் சொல்வதைவிட ஏற்பாட்டைக் கேட்பது அங்கே சீக்கிரம் நடக்கும். அதற்கும் மறுத்தால் சுகாதார உதவி எண் 104-ஐ அழைத்து மருத்துவமனையின் பெயரையும் பிரிவையும் சொல்லுங்கள். மறுத்தவரின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அறை எண்ணையும் நேரத்தையும் சீட்டின் பின்பக்கம் குறித்து, கிளம்பும் முன் இரு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.